புதன்கிழமைக் கொப்பிகள்

அன்றைக்கு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஏழு பேர். எங்கள் திட்ட அதிகாரி றஞ்சி மிஸ், இணைப்பாளராக நான், ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தரம் படித்த ஐந்து மாணவர்கள். அந்த ஐவருக்கும் தலைவி டிலானி. அனலைதீவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கூட்டம் பிற்பகல் மூன்றரைக்கு. அவர்கள் இங்கே வந்திருந்தால், கூட்டம் முடிந்து திரும்பிப் போகப் படகு இருந்திராது. நாங்கள் போட்ட திட்டமோ முழுக்க முழுக்க அவர்களுக்கானது.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவன் என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் நான் ஏழு வருடம் பார்த்த பதவி இப்போது இல்லை. மாணவர்கள் தாங்களே ஊரின் தேவையொன்றைக் கண்டுபிடித்து, தாங்களே திட்டம் போட்டு, தாங்களே செய்து பார்க்கிற சமூக சேவைக்குத் துணை நிற்பதுதான் என் வேலை. இப்போது அதைப் பாடசாலை ஆசிரியர்களே பார்க்கிறார்கள். திட்டத்தை இணையப் படிவத்தில் நிரப்பி அனுப்பினால் போதும், புள்ளியும் உண்டு. நான் கடற்றொழிலாளர் சங்கமொன்றில் எழுதுவினைஞர் வேலைக்கு வந்துவிட்டேன். சென்ற மாதம் இரண்டு ஆசிரியர்கள் சங்கத்துக்குத் தேடி வந்தார்கள்.

"படிவத்திலை 'பயனாளிகளின் பங்களிப்பு' எண்டு ஒரு பெட்டி இருக்கு. நீங்கள் அந்த நாளையிலை அதுக்குள்ளை என்ன எழுதினனீங்கள்?"

ஒரு பெட்டிக்குள் அடங்காது, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

வேலைக்குச் சேர்ந்ததும் கொழும்பில் நான்கு நாள், வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி. நிறக் கடதாசி வெட்டி ஒட்டினோம். பிரச்சினையை ஒரு மரமாக வரைந்து வேர் எது கிளை எது என்று பிரித்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது. திரும்பி வந்த சூட்டோடு மண்கும்பான் கடற்கரையில் மாணவர்களைக் கொண்டு பன்னிரண்டு குப்பைப் பீப்பாக்கள் வைத்தேன். வர்ணம் அடித்து, மீன் படம் கீறி, வரிசையாக வைத்தோம். இரண்டு கிழமைக்குள் ஒன்பது பீப்பாக்களைக் காணவில்லை. விசாரித்தபோது ஒன்றில் ஒரு வீட்டில் தண்ணீர் நிறைத்திருந்தார்கள், இன்னொன்றில் கோழி அடை கிடந்தது. தலையைக் குனிந்துகொண்டு றஞ்சி மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்.

"பரவாயில்லை. ஆக்களின்ரை தேவை என்ன எண்டு இப்ப தெரிஞ்சிட்டுது. பீப்பா."

அவ எப்போதும் இப்படித்தான். ஏசமாட்டா. ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டை மேசையில் கவிழ்த்து வைத்து, அதற்குள் கைபேசியைப் போட்டுவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவா. எந்தத் திட்டத்தையும் தானே வாசிக்க மாட்டா. எழுதின மாணவரே எழும்பி நின்று உரத்து வாசிக்க வேண்டும். 'மக்கள்' என்ற சொல் வந்த இடத்தில் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. "ஆர்?" என்று கேட்பா. பெயர் சொன்னால் மேலே வாசிக்கலாம். சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்குக் கூட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒத்திகை. பயனாளி ஒருவரும் இல்லாமல், திட்டத்தில் எழுதின நேரத்துக்கு, எழுதினபடி மாணவர்கள் ஒருதரம் செய்து காட்ட வேண்டும். காலை ஆறு மணி என்று எழுதினால் ஆறு மணிக்கு மிஸ் அங்கே நிற்பா.

டிலானியின் குழு கொண்டுவந்த தேவை உண்மையான தேவை. அவளுடைய அம்மாவுக்குப் பிறஷர். மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளினிக். அம்மாவோடு போய் இருந்து இருந்து அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் முதலில் வந்தவருக்கு முதல் நம்பர். விடிய வெள்ளன வந்து நிற்க ஏலாதவர்கள் வருத்தமும் மருந்தும் எழுதின தங்கள் கிளினிக் கொப்பியை ஆரிடமாவது கொடுத்து, காத்திருக்கிற நீள வாங்கில் வைப்பிப்பார்கள். கொப்பி வரிசையில் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. ஒருவரும் அதை எடுத்து அரக்க மாட்டார்கள். அனலைதீவு ஆட்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. அவர்களும் கொப்பியும் ஒரே படகில்தான் வருவது, வந்து சேர ஏழரை தாண்டும். அதற்குள் வாங்கு நிறைந்திருக்கும். மருத்துவரைக் கண்டு, மருந்து வரிசையில் நின்று முடிவதற்குள் ஒரு மணிப் படகு வெளிக்கிட்டுவிடும். சிலர் மருந்து எடுக்காமலே துறைக்கு ஓடுவார்கள்.

"செருப்பைக் கையிலை எடுத்துக்கொண்டு ஓடுவினம், மிஸ்," என்று வாசித்தாள் டிலானி.

"ஆர்?"

"கனகு அண்ணையும் பரமேசு அக்காவும்."

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தா.

திட்டம் இதுதான். அனலைதீவு நோயாளர்களின் கொப்பிகளை நாங்கள் இந்தக் கரையிலேயே வைத்திருப்பது. புதன் காலை ஐந்தரைக்கு இரண்டு மாணவர்கள் அவற்றைக் கொண்டுபோய் வாங்கில் வைப்பது. படகு வந்ததும் கையில் கொடுப்பது. திரும்பிப் போகும்போது துறையில் வைத்துக் கொப்பியை வாங்கிக்கொள்வது, அடுத்த மாதத்துக்கு.

கொப்பிகளை எங்கே வைப்பது என்று வந்தபோது மிஸ்ஸின் முகம் கொஞ்சம் இறுகியது.

"மற்ற ஆக்களின்ரை வருத்தம் எழுதின கொப்பி. மேசையிலை எறிஞ்சுபோட்டுப் போறேல்லை. அலுமாரி. பூட்டு. ஒரு திறப்பு, ஒரு ஆள்."

எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். அப்பா கைநாட்டு. எழுத்துள்ள எதுவும் எங்கள் வீட்டில் அலுமாரிக்குள் பூட்டித்தான் இருக்கும்: காணி உறுதி, பிறப்புப் பத்திரம், என் சோதனைப் பெறுபேறு. வாசிக்கத் தெரியாத வீட்டில் கடதாசி என்றால் தொலையக்கூடாத சாமான். ஒரு அவசரத்துக்கு எடுத்துப் பார்க்கிற சாமான் என்று அதை நினைத்துப் பழக்கமில்லை. பள்ளிக்கூட அலுமாரியில் ஒரு தட்டு ஒதுக்குவித்து, புதுப் பூட்டுப் போட்டு, திறப்பை டிலானியிடம் கொடுத்தேன். அவள் அதைத் தன் சைக்கிள் திறப்போடு சேர்த்துக் கோத்தாள்.

முதல் புதன்கிழமையே சண்டை. முன்வரிசையில் பதினொரு கொப்பிகள், ஒரு ஆளும் இல்லை. நாரந்தனையிலிருந்து வந்த ஒருவர் இரண்டு மாணவர்களையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஆள் இன்னும் கடலுக்கை. கொப்பி வந்து கதிரை பிடிச்சிட்டுதோ?"

"உங்கடை கொப்பியும் போன மாதம் தனியத்தானே இருந்தது, ஐயா," என்றாள் டிலானி.

"என்ரை கொப்பி நீந்தி வரேல்லை, பிள்ளை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததால் கோபம் பாதியாகிப் போனது. நம்பர் கொடுக்கிற அண்ணைதான் வழி சொன்னார்: ஒன்றுவிட்டு ஒன்று. ஒரு அனலைதீவுக் கொப்பி, ஒரு இந்தக் கரைக் கொப்பி. அன்றைக்குப் பத்தரைக்கெல்லாம் பதினொரு பேரும் மருந்தோடு துறைக்கு வந்துவிட்டார்கள். இரண்டரை மணித்தியாலம் என்ன செய்வது என்று தெரியாமல் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தார்கள். கனகு அண்ணை மாணவர்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

கனகு அண்ணை கடற்றொழில் செய்கிறவர். ஐம்பத்தாறு வயது, சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. மனைவி பரமேசு அக்காவும் அப்படித்தான். ஆனால் அக்காவுக்கு எதுவும் மறவாது. படகு எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் பிந்தியது என்று மூன்று மாதத்துக்குப் பிறகும் சொல்லுவா.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பதினொன்று பத்தொன்பதானது. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது.

பத்து நாற்பதுக்கு எனக்கு அழைப்பு. பரமேசு அக்கா.

"தம்பி, எங்கடை கொப்பி எங்கை?"

கனகு அண்ணைக்குப் புதன்கிழமை மட்டி ஓடு காலில் வெட்டியிருக்கிறது. சீனிக்காரருக்குக் கால் நோ தெரிவதில்லை. துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு மூன்று நாளும் கடலுக்குப் போயிருக்கிறார். சனி காலை கால் முழங்கால் வரை வீங்கி, உடம்பு நெருப்பாகக் காய்ந்து, தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே மருத்துவர் வந்து இரண்டு கிழமைதான். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறார்.

"இவருக்கு ஒரு மருந்து ஆகாது, தம்பி. முந்தி ஒருக்கால் ஊசி போட்டு மூச்சு நிண்டு தப்பினவர். கொப்பியின்ரை முன்பக்கத்திலை சிவப்பாலை எழுதியிருக்கு. அது என்ன மருந்தெண்டு எங்களுக்குத் தெரியாது. சிவப்பெண்டுதான் தெரியும்."

மருத்துவர் போனை வாங்கினார். இளம் குரல்.

"காயத்தைக் கழுவி நோ மருந்து குடுத்திருக்கிறன். கிருமிக்கு ஊசி போட வேணும், இப்பவே போட வேணும். எதைப் போட்டாலும் அது அந்தச் சிவப்பு மருந்தா இருந்திட்டால் ஆளை நான் காப்பாத்த ஏலாது. கொப்பியைப் பாத்துச் சொல்லுங்கோ."

வைத்திருக்கிற இடம் எனக்குத் தெரியும். சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஏழு நிமிடம். டிலானிக்கு எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது. வீட்டுக்கு எடுத்தேன். அவள் காலைப் பஸ்ஸில் யாழ்ப்பாணம் ரியூசனுக்குப் போய்விட்டாள் என்றார் அம்மா. திறப்பு? "சைக்கிள் திறப்போடைதானே கிடக்கிறது, கையோடை கொண்டு போயிட்டாள்." எந்த ரியூசன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அவளுடைய கூட்டாளி ஒருத்தியைப் பிடித்தேன், அவள் இன்னொருத்தியின் இலக்கம் தந்தாள், அந்தப் போனும் நிறுத்தியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனேன்; காவலாளி அலுமாரிக்கு முன்னால் என்னோடு நின்றார். அலுமாரி இரும்பு. நான் போட்ட பூட்டு நல்ல பூட்டு.

இதிலேயே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. உடைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. அது பள்ளிக்கூடத்து அலுமாரி, நான் ஒரு வெளியாள், ஆரிடம் கேட்பது என்றுதான் யோசித்தேன். அதிபர் ஊரில் இல்லை, போன் எடுபடவில்லை. றஞ்சி மிஸ் சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டில் நின்றா. மேளச் சத்தத்துக்குள் மூன்றாம் தடவைதான் எடுத்தா. பரமேசு அக்கா எடுத்ததிலிருந்து நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப எத்தினை மணி?"

"பன்ரெண்டே கால், மிஸ்."

"அவ எடுத்தது எத்தினைக்கு?"

"பத்து நாப்பது."

மேளச் சத்தம் தூரப் போனது.

"பூட்டை உடையும். நான் உடைக்கச் சொன்னனான் எண்டு ஒரு துண்டிலை எழுதி, நேரமும் போட்டு, காவலாளியட்டைக் குடும்."

காவலாளியின் அலவாங்கு தோட்டத்துக்கு அங்கால் கிடந்தது. அவரும் நானும் மாறி மாறி நெம்பினோம். பூட்டு அசையவில்லை. கடைசியில் கதவின் பிணைச்சல்தான் கழன்றது. பத்தொன்பது கொப்பிகளில் கனகு அண்ணையுடையது அடியில் இருந்தது. முன்பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு சொற்கள், ஆங்கிலத்தில், மருத்துவர்கள் எழுதுகிற எழுத்தில். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அந்த இரண்டு சொல்லையும் என்னால் வாசிக்க முடியவில்லை. முதல் எழுத்து என்ன என்பதிலேயே போனில் நாங்கள் இருவரும் தடுமாறினோம். படம் எடுத்து அனுப்பினேன். கைபேசியில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முற்றத்துக்கு ஓடி, மதிலில் ஏறி நின்று திரும்ப அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி ஐம்பது.

மருத்துவர் திரும்ப எடுத்தார்.

"நான் போட எடுத்து வச்சது இதுதான்," என்றார். பிறகு, "வேறை மருந்து இருக்கு, இப்ப போடுறன்," என்று வைத்துவிட்டார்.

டிலானி மூன்று மணிக்குப் பிறகு வந்தாள். வகுப்பு முடிந்து போனைப் போட்டதும் இருபத்தொரு தவறிய அழைப்புகள். பஸ்ஸால் இறங்கி நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்திருக்கிறாள். கழன்று தொங்குகிற கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டினாள். கைக்குள் திறப்பு.

"சேர், என்னட்டைக் கிடந்தது."

அந்தத் திறப்பை வாங்கிப் பையில் வைத்தேன்.

அடுத்த நாள் கனகு அண்ணையை யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். வலது காலின் சின்னவிரலை எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியது. அந்தத் தாமதத்தாலா என்று நான் மருத்துவரிடம் நேரே கேட்டேன். மூன்று நாள் விட்ட காயம், விரல் எப்படியும் போயிருக்கக்கூடும், சொல்ல முடியாது என்றார். பரமேசு அக்காவிடமும் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கத் தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"மூண்டு நாள் அவர் விட்ட பிழை, தம்பி. அதுக்கு அவரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். மூண்டு மணித்தியாலம் உங்கடை."

திங்கட்கிழமை றஞ்சி மிஸ் எல்லோரையும் இருத்தி ஒரு தாளின் இடப்பக்கத்தில் நேரங்களை மட்டும் எழுதினா. பத்து நாற்பது, பத்து ஐம்பது, பதினொன்று. ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஆர், என்ன செய்தார். பழி எழுதுகிற தாள் இல்லை அது. ஆனால் வாசிக்கிறபோது அப்படித்தான் இருந்தது.

"நான் போனை நிப்பாட்டினது பிழை, மிஸ். எழுதுங்கோ," என்றாள் டிலானி.

"ரியூசனிலை போனை நிப்பாட்டாமல் என்ன செய்யிறது? அதை நான் எழுதமாட்டன்." பென்சிலை எடுத்து எல்லா நேரங்களுக்கும் மேலே, எட்டு மாதத்துக்கு முந்திய கூட்ட நாளைப் போட்டு, 'ஒரு திறப்பு, ஒரு ஆள் என்று சொன்னது நான்' என்று எழுதித் தன் பெயரை வைத்தா. பிறகு பென்சிலை என் பக்கம் உருட்டினா. பன்னிரண்டே காலுக்கு நேரே 'அதுவரை ஆரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நின்றது நான்' என்று எழுதினேன்.

மாணவர்கள் திட்டத்தை விட்டுவிடப் போகிறோம் என்றார்கள். கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க ஞாயிறு காலைப் படகில் அனலைதீவுக்குப் போனோம். சனசமூக நிலையத்தில் இருபது பேரளவில் இருந்தார்கள். டிலானி எழுதிக்கொண்டு வந்ததை எழும்பி நின்று வாசித்தாள். இனிமேல் உங்கள் கொப்பி உங்களிடமே இருக்கும், நாங்கள் நிறுத்துகிறோம் என்று முடித்தாள்.

பரமேசு அக்காதான் முதலில் கதைத்தா.

"நிப்பாட்டினால் ஆர் ஓடுறது? நீரோ, பிள்ளை?"

"அக்கா, கொப்பி எங்களட்டை இருந்தபடியால்தானே..."

"உங்களட்டை ஏன் மாதம் முழுக்க இருக்க வேணும்? செவ்வாய்க்கிழமை பின்னேரப் படகிலை அனுப்பினால் என்ன? புதன் விடிய நீங்கள் வைக்கிறீங்கள், மத்தியானம் நாங்கள் எங்கடை கையோடை கொண்டு வாறம்."

நான் றஞ்சி மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"படகிலை நனையுமே," என்றான் ஒரு மாணவன்.

"மூடி வாளிக்கை போட்டால் ஏன் நனையுது? நாங்கள் சீனி, தேயிலை எல்லாம் அப்பிடித்தானே கொண்டு வாறம். படகுக்காரனட்டைக் குடுத்தால் துறையிலை உங்களட்டைத் தருவான்."

"அந்த ஒரு ராத்திரிக்குக் கொப்பி இஞ்சை இராதே, அக்கா. சிவப்பு எழுத்து இருக்கிற ஆக்கள்?" என்று டிலானி விடவில்லை.

"அந்த ஒரு ராத்திரிக்கு நாங்கள் சாகாமல் இருக்கிறம்," என்றார் பின்னாலிருந்த ஒருவர். நிலையம் முழுக்கச் சிரிப்பு. டிலானி சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கொப்பியில் சிவப்பு எழுத்து இருந்த மற்ற நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருத்துவர் நான்கையும் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். அவர்களில் மூன்று பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நால்வருமே பிழையில்லாமல் சொன்னார்கள்.

கனகு அண்ணை அடுத்த மாதம்தான் வீட்டுக்கு வந்தார். பார்க்கப் போனோம். காலைக் கதிரையில் நீட்டி வைத்திருந்தார். டிலானி வாசலிலேயே நின்றாள்.

"உள்ளை வாரும் பிள்ளை. விரல் போனாலும் செருப்பு அதே அளவுதான், புதுசு வாங்கத் தேவையில்லை."

"இந்தப் பகிடியை இவர் வாறவை எல்லாருக்கும் விடுறார்," என்றா பரமேசு அக்கா. "ராத்திரியிலை இல்லாத விரல் கடிக்குதெண்டு எழும்பி இருக்கிறதைச் சொல்லமாட்டார்."

அந்த மாதத்திலிருந்து செவ்வாய் பின்னேரம் நீல மூடி வாளி ஒன்று படகில் வந்து இறங்கியது. நான் வேலையை விடும்வரை ஒரு செவ்வாயும் தவறவில்லை. இப்போதும் வருகிறது என்று கேள்வி.

ஆசிரியர்கள் கேட்ட அந்தப் பெட்டிக்கு வருகிறேன். வருட முடிவு அறிக்கையை டிலானிதான் எழுதினாள். பயனாளிகளின் பங்களிப்பு என்ற இடத்தில் 'வாளி, பரமேசு அக்காவின் யோசனை' என்று போட்டாள். அதற்குக் கீழே மொத்தச் செலவு. தலைமையகத்திலிருந்து ஒருவர் போன் எடுத்து, கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்பும்படி கேட்டார், அது செலவுக் கணக்கில் வராது என்றார். றஞ்சி மிஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, கனகு அண்ணையிடம் கேட்டு அவர் ஓம் என்றால் அப்படியே போகட்டும் என்றா. அவர் ஓம் என்றார். அறிக்கை அப்படியே போனது: மூடி வாளி தொள்ளாயிரத்து ஐம்பது ரூபா, அலுமாரிக் கதவு திருத்த ஆயிரத்து நானூறு ரூபா, வலது காலின் சின்னவிரல் ஒன்று.